தவறுக்கு ஒரு பெயர் வேண்டாமா?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்தியம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களை நமது தர்மபுரி ஜில்லாவில் யார் விசாரித்தாலும், "கரண்டு வைத்துக்கொண்டு வந்தேன்" என்றுதான் சொல்லுவார்கள். பென்னாகரத்திலும் இதே பேச்சுத்தான். அரூரிலும் இதே பேச்சுத்தான். படித்த கனவான்கள் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. ஆனால் இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். கனத்த கதவு போட்ட ஓர் அறைக்குள் நோயாளியைத் தனியே படுக்க வைத்துவிட்டு மற்றவர்களெல்லாம் வெளியே போய்விடுகிறார்கள், யந்திரம் முனகுகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்பில் பாய்கிறது. இதற்குக் "கரண்டு" என்று பெயர் வைத்தவன் தன் புத்தியை உபயோகித்தே வைத்திருக்கிறான். விஷயம் தெரிந்தவர்கள் அவனுக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கொடுக்காததால் அவனே ஒன்றை வைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

நாம் இன்று எழுத வந்தது வைத்தியத்தின் பெயரைப் பற்றி அல்ல. அந்த வைத்தியத்தில் ஏதாவது பிசகு நேர்ந்துவிட்டால், அந்தப் பிசகுக்கு என்ன பெயர் என்பதைப் பற்றியே எழுத வந்தோம். நோயாளி "சுட்டுவிட்டது" என்கிறான். ஆஸ்பத்திரியில் ஒருவர் "பக்கவிளைவு" என்கிறார். இன்னொருவர் "டெக்னிக்கல் பிராப்ளம்" என்கிறார். மூன்றாமவர் "சின்ன வித்தியாசம்தான், பரவாயில்லை" என்கிறார். வீட்டுக்கு வந்தால் கிழவி "தலையெழுத்து" என்று முடித்துவிடுகிறாள். சங்கதி ஒன்று; பெயர் ஐந்து. பெயர் ஐந்தாக இருக்கும்போது கணக்கு எப்படி ஒன்றாக இருக்கும்? கணக்கே இல்லாத இடத்தில், சென்ற வருஷம் நேர்ந்த பிசகு இந்த வருஷம் நேராமல் இருப்பதற்கு என்ன வழி?

இந்த வைத்தியத்தின் தன்மையைச் சிறிது தெரிந்துகொண்டால்தான் நாம் சொல்லுவது விளங்கும். கதிர் என்பது மருந்தைப்போலவே அளந்து கொடுக்கப்படுவது. அந்த அளவுக்குக் "கிரே" என்று பெயர். 1975-ம் வருஷத்தில் சர்வதேச மகாநாட்டில் அப்படிப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் "ராட்" என்ற கணக்கு இருந்தது. 100 ராட் சேர்ந்தால் ஒரு கிரே. பெரும்பாலும் தினம் 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாளாக, ஐந்து முதல் ஏழு வாரம் வரையில் கொடுக்கிறார்கள். அளவு மிஞ்சினால் நல்ல சதையும் வெந்து போகும். அளவு குறைந்தால் புற்று சாகாமல் தங்கி மறுபடியும் முளைக்கும். அன்றியும், அளவு சரியாக இருந்து இடம் ஒரு விரற்கடை தள்ளிப் போனாலும் இரண்டு கெடுதியும் ஒருங்கே நேரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்த வைத்தியத்துக்குப் பயந்து வேப்பிலையைத் தேடி ஓட வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ம் வருஷத்தில் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் துவக்கிய காலம் முதல் இந்த நாட்டில் கதிரால் பிழைத்தவர்கள் ஏராளம். பிசகு நேருவது அபூர்வமே. உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ம் வருஷத்தில் ஒரு கணக்கு எடுத்து வெளியிட்டது. 1976 முதல் 2007 வரையில் உலகத்தில் எழுத்தில் பதிவாகி வெளிவந்தவற்றைத் திரட்டியதில், கதிர் வைத்தியத்தில் நேர்ந்த பிசகுகளால் கேடடைந்தவர்கள் 3125 பேர் என்றும், அவர்களில் 38 பேர் அளவு மிஞ்சியதால் இறந்தார்கள் என்றும் கண்டது. நோயாளிக்குக் கேடு வராமல் தப்பிய பிசகுகள் 4500-க்கு மேல் என்றும் கண்டது. கேடு நேர்ந்தவற்றில் பாதிக்குமேல் யந்திரம் ஓடும்போது நேர்ந்ததல்ல. அதற்கு முன் மேஜைமேல் கணக்குப் போட்டுத் திட்டம் செய்யும்போதே நேர்ந்தவை. ஆனால் இதெல்லாம் எழுதி வெளியிட்டவர்களின் கணக்கு மாத்திரமே என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது. எழுதாதவர்களின் கணக்கை யார் எடுப்பது?

ஒரு சொல்லோ ஒரு எழுத்தோ இவ்வளவு தூரம் காரியத்தைக் கெடுக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். கோஸ்டாரிகா என்ற தேசத்தின் தலைநகரான சான் ஹோசேயில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பழைய கோபால்ட்டை எடுத்துவிட்டுப் புதிய கோபால்ட்டை வைத்தார்கள். அதன் வேகத்தை அளக்கும்போது நேரம் 0.3 நிமிஷம் என்று எழுதியிருந்தது. 0.3 நிமிஷம் என்றால் 18 விநாடி. கணக்குப் போட்டவர் அதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார். ஆகவே, கோபால்ட்டு இருப்பதைவிட வலுக்குறைந்தது என்று கணக்கு வந்தது. அதற்குத் தக்கபடி ஒவ்வொரு நோயாளியையும் அதிக நேரம் கதிரில் வைத்தார்கள். வேண்டிய அளவைவிடப் பாதிக்குமேல் அதிகமாக 115 பேர் மேல் பாய்ந்தது. அவர்களில் சிலர் அதனாலேயே மாண்டார்கள். ஒரு புள்ளியின் வேலை இது.

இதற்குப் பத்து வருஷத்துக்கு முன், 1985 முதல் 1987 வரையில், கனடாவில் செய்யப்பட்ட தெராக்-25 என்ற யந்திரத்தால் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு பேருக்கு அளவு கடந்த கதிர் பாய்ந்தது. டெக்ஸாசில் நடந்ததைக் கேளுங்கள். யந்திரம் ஏதோ பிசகு என்று தெரிந்து நின்றது. நின்று, திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று காட்டியது. 54 என்றால் என்ன? பக்கத்தில் நின்று ஓட்டியவருக்குத் தெரியாது. கையேட்டிலும் சரியான விளக்கம் கிடையாது. அந்த யந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது ஒரு நம்பரைக் காட்டுவது வழக்கமாகப் போய்விட்டதால், அவர் மேலே ஓட்டும் பொத்தானை அழுத்தினார். படுத்திருந்தவர்மேல் ஏறக்குறைய நூறு மடங்கு பாய்ந்திருந்தது. யந்திரம் வாய் திறந்து சொல்லத்தான் செய்தது. ஆனால் மனிதனுக்குப் புரியும் பாஷையில் சொல்லவில்லை.

பாஷை என்றதும் பிரான்சு தேசத்து எபினால் பட்டணம் ஞாபகத்துக்கு வருகிறது. 2004-ம் வருஷம் முதல் 2005-ம் வருஷம் வரையில் அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அளவு மிஞ்சிய கதிர் கொடுக்கப்பட்டு, அவர்களில் சிலர் இறந்தும் போனார்கள். கதிரைச் சாய்வாக்குவதற்கு வைக்கும் ஆப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று உலோகத்தால் செய்தது. மற்றது யந்திரத்தின் வாய் தானே நகர்ந்து உண்டாக்குவது. ஒன்றுக்குப் போட வேண்டிய கணக்கை மற்றதற்குப் போட்டுவிட்டார்கள். கணக்குப் போடும் யந்திரத்தின் திரையிலிருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பிரெஞ்சு பாஷையில் கையேடும் இல்லை. பக்கத்து நாட்டான் பாஷை புரியாமல் பிரெஞ்சுக்காரனுக்கே இந்தக் கதி நேர்ந்தது என்றால், இங்கிலீஷிலேயே சகலமும் நடக்கும் நமது ஆஸ்பத்திரிகளில், ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நல்லம்பள்ளிக் குடியானவனுக்கு என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

மேலே சொன்னவையெல்லாம் அளவு மிஞ்சியவை. மிஞ்சினால் தோல் வேகிறது, ஆள் அலறுகிறான், ஊர் கூடுகிறது. அதனால் அதற்கு "விபத்து" என்ற பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊரில் 1982 முதல் 1991 வரையில் நடந்தது வேறு மாதிரி. அங்கே புதிதாக வந்த கணக்கு யந்திரம், தூரத்துக்காகச் செய்ய வேண்டிய திருத்தத்தைத் தானே செய்து கொண்டிருந்தது. அது தெரியாமல் மனிதர்கள் அதே திருத்தத்தைக் கையாலும் இன்னொரு தடவை செய்து வந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அளவு குறைந்து போயிற்று. ஒருவர் தோலும் வேகவில்லை, ஒருவரும் அலறவில்லை. ஒன்பது வருஷம் யாரும் கவனிக்கவில்லை. புற்று திரும்பி வந்தவர்கள் தங்கள் நோய் கொடியது என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். இதை "விபத்து" என்று நம்மில் யாராவது சொல்லுவோமா? பஸ் கவிழ்ந்தால் விபத்து என்கிறோம். பஸ் ஊருக்குப் போய்ச் சேராமலே நடுவழியில் தினமும் இறக்கிவிட்டுக் கொண்டிருந்தால் அதற்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாத பிசகுதான் எல்லாவற்றிலும் அதிக நாள் உயிரோடிருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

நிற்க. நமது தேசத்துக்கு வருவோம். 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடையில் கோபால்ட்டு அகப்பட்டு, ஒருவர் இறந்து, பலர் நோய்ப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். டெல்லி சர்வகலாசாலை ஏலத்தில் விட்ட பழைய சாதனத்துக்குள் இருந்தது அது. அந்தச் சம்பவத்துக்கு உலகத்தார் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல் இருந்தது. அணுசக்தி சம்பந்தப்பட்ட சம்பவங்களைச் சைபர் முதல் 7 வரையில் படி வைத்துச் சொல்லும் சர்வதேச அளவுகோல் அது. மாயாபுரிக்கு 4-ம் படி என்று மதிப்புப் போட்டார்கள். ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் 4 என்றவுடன் விஷயத்தைத் தெரிந்துகொண்டான். நல்லது. ஆனால் அதே அளவுகோலில் ஒரு விலக்கு இருக்கிறது. வைத்தியத்துக்காகக் கதிர் வாங்கிக்கொள்ளும் நோயாளிக்கு நேரும் கேட்டை அதில் சேர்ப்பதில்லை. பழைய இரும்புக் கடையில் நேர்ந்தால் அதற்கு நம்பர் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ந்தால் நம்பர் இல்லை. இது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிரெஞ்சுக்காரர் யோசித்தார்கள். எபினால் சங்கதி வெளிவந்த பிறகு, 2007-ம் வருஷத்தில் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு இலாகாவும் கதிர் வைத்தியர் சங்கமும் சேர்ந்து, நோயாளிகளுக்கென்றே சைபர் முதல் 7 வரையில் ஒரு தனி அளவுகோல் செய்தார்கள். இங்கிலாந்தில் 2008-ம் வருஷத்தில் ஐந்து படிகள் வகுத்து, கண்டிப்பாய் மேலே தெரிவிக்க வேண்டியது எது, மயிரிழையில் தப்பியது எது, வெறும் நடைமுறைக் குறை எது என்று பிரித்தார்கள். அமெரிக்காவில் "தவறாகக் கொடுத்தல்" என்று இருந்த சட்டச் சொல்லை 2002-ம் வருஷத்தில் "வைத்தியச் சம்பவம்" என்று மாற்றினார்கள். (சொல் மெதுவாகிவிட்டதே என்று நமக்குச் சந்தேகம்தான், ஆனாலும் மொத்த அளவு நூற்றுக்கு 20 வித்தியாசப்பட்டால் தெரிவித்தே தீரவேண்டும் என்று கோடு கிழித்திருக்கிறார்கள்.) 2012-ம் வருஷத்தில் அந்நாட்டு வைத்திய பௌதிகர் சங்கம், சொற்களுக்குப் பொருள் இன்னது, கேட்டின் படிகள் இவை, காரணங்களின் வகை இவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு திட்டம் வெளியிட்டது. அதே வருஷத்தில் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் "சாஃப்ரான்" என்ற பொதுப் பதிவேட்டைத் திறந்தது. எந்தத் தேசத்து ஆஸ்பத்திரியும் தன் பிசகை அதில் எழுதலாம். மற்றவர் எழுதியதைப் படிக்கலாம். ஆனால் சென்னையில் "பிசகு" என்றும், சிலியில் "சம்பவம்" என்றும், செக் தேசத்தில் "விலகல்" என்றும் ஒரே விஷயத்தை எழுதினால் பதிவேடு இருந்து என்ன பிரயோஜனம்? சொல் ஒன்றாக வேண்டும் என்று பெரியவர்கள் மெனக்கெடுவது இதற்காகத்தான்.

நமது நாட்டில் 1983-ம் வருஷத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. 2004-ம் வருஷத்து விதிகள், கதிர் மூலம் சம்பந்தப்பட்ட விபத்து நேர்ந்தால் லைசென்சு பெற்றவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லின. அது சரிதான். ஆனால் விபத்து என்ற சொல்லைக் கேட்டதும் எவருடைய மனதிலும் புகையும் நெருப்பும்தான் தோன்றுமே ஒழிய, கீழே நாம் சொல்லுகிற மாதிரிச் சங்கதி தோன்றாது.

நமது ஜில்லாவில் மாதம்மாள் என்ற பெயர் எத்தனை பேருக்கு உண்டு என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் காலையில் இரண்டு மாதம்மாள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒருத்திக்கு மார்பில் நோய். மற்றவளுக்குக் கர்ப்பவாயில் நோய். "மாதம்மாள்!" என்று கூப்பிடுகிறார்கள். வேறு மாதம்மாள் எழுந்து போகிறாள். உள்ளே இருப்பவர் ஊரையும் புருஷன் பெயரையும் கேட்டு, "நீ இல்லை அம்மா, போய் உட்கார்" என்று திருப்பி அனுப்பிவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதாலேயே யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். ஆனால் நாளை கேட்க மறக்கும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். அன்று நடக்கப்போவதற்கு இன்றைக்கே முன்னறிவிப்பு வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் பிடித்து வைத்திருக்கலாம்.

இதற்கு நாம் சொல்லும் பெயர் "தப்பிய பிசகு". நோயாளியை அடையும் முன்பே பிடிபட்டது என்று பொருள். தவறான மாதம்மாளுக்கு ஒரு நாள் கதிர் பாய்ந்து, அதனால் தெரியும்படியான கெடுதி இல்லாவிட்டால் அது "எட்டிய பிசகு". கெடுதி நேர்ந்துவிட்டால் "தீங்கு செய்த பிசகு". மூன்றிலும் "மிகை", "குறை", "இடமாற்றம்" என்ற மூன்றில் ஒன்றை முன்னால் சேர்த்துக்கொண்டால் ஸ்டோக் ஊரில் நடந்ததும் அகப்பட்டுவிடும். இவை கம்பனுக்கும் தெரியும், கடைத்தெருவுக்கும் தெரியும். இவற்றைவிட நல்ல சொற்கள் இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளட்டும். நமக்குப் பிடிவாதம் இல்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பதில்தான் பிடிவாதம்.

பிசகு வேறு, பக்கவிளைவு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிர் பட்ட இடம் கறுப்பதும், வாயில் புண் வருவதும், அடிவயிற்றில் வைத்தால் கொஞ்ச நாள் வயிறு போவதும் எதிர்பார்க்கப்பட்டவை. கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் வரும். இதை முன்கூட்டிச் சொல்லாததால், இருபதாம் நாள் தோல் கறுத்ததும் "கரண்டு சுட்டுவிட்டது" என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் நாட்கள் விட்டுப்போனால் வைத்தியத்தின் பலன் குறையும். இந்தப் பக்கம் பக்கவிளைவைப் பிசகு என்று நினைத்து ஓடுகிறான்; அந்தப் பக்கம் உண்மையான பிசகைப் பக்கவிளைவு என்று சொல்லி மூட இடம் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கும், பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரிக்கும், வேலூருக்கும், சென்னைக்கும் கூலியை விட்டுவிட்டு வாரக்கணக்கில் போய்த் தங்குகிறவனுக்கு இந்த வித்தியாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

பெயர் வைத்தால் காரியம் நடக்குமா என்று கேட்பவர்கள் நமது ஜில்லாவின் தண்ணீரையே பார்க்கலாம். பல்லில் பழுப்புக் கறை படிந்ததையும், எலும்பு வளைந்து நாற்பது வயதில் கிழவனாவதையும் "இந்த ஊர்த் தண்ணீர் வாகு" என்றும் "பரம்பரை" என்றும் "போன ஜன்மத்துப் பாவம்" என்றும் சொல்லிக்கொண்டிருந்த வரையில் ஒரு சர்க்காரும் அசையவில்லை. அதற்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர், காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று பெயரும் நம்பரும் ஏற்பட்ட பிறகுதான், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் வந்து, 2013-ம் வருஷத்தில் காவேரித் தண்ணீர் குழாயில் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இருக்கிறது. பாவத்துக்கு யாரும் குழாய் போடமாட்டார்கள்.

"இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழில் இடம் ஏது?" என்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. தர்மபுரி சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்தில் (பிரிந்தது 1965-ல்தான்), 1916-ம் வருஷத்திலேயே சேலத்தில் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. ரசாயனம், பௌதிகம், தாவர சாஸ்திரம், வான சாஸ்திரம், கணிதம் ஆகியவற்றுக்குச் சொல் செய்தார்கள். அதில் முன் நின்றவர் யார் தெரியுமா? சாக்ஷாத் ராஜகோபாலாச்சாரியார்! 1938-ல் ஹிந்தி முதல் 1953-ல் குலக்கல்வி வரையில் அவரோடு நமக்கு இருந்த சண்டைகளை நாம் மறந்துவிடவில்லை. ஆனாலும் நல்ல காரியத்தை யார் செய்தாலும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும். அதற்கும் முன்னே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்ற அமெரிக்கப் பாதிரி டாக்டர் வைத்திய நூல்களையே தமிழாக்கி, தமிழிலேயே டாக்டர்களைத் தயார் செய்தார். நூறு வருஷத்துக்கு முன் முடிந்தது இன்று முடியாதென்றால் குறை தமிழில் இல்லை.

டாக்டர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒன்று உண்டு. அது அலட்சியம் செய்யத்தக்கதல்ல. "பிசகு என்று நாங்களே எழுதி வைத்தால் அதைக் கொண்டே எங்கள் மேல் வழக்குப் போடுவார்கள், பத்திரிகையில் போட்டுக் கிழிப்பார்கள், பிறகு எவன் எழுதுவான்?" என்கிறார்கள். உண்மைதான். கேடு நேராத பிசகைத் தானே முன்வந்து எழுதியவரைத் தண்டிப்பது மடத்தனம்; அப்படிச் செய்தால் நோட்டுப் புத்தகம் காலியாகவே இருக்கும். ஆகவே அந்தப் பதிவேட்டில் ஆள் பெயர் வேண்டாம் என்றே நாமும் சொல்லுவோம். ஆனால் தீங்கு செய்த பிசகு விஷயத்தில், பாதிக்கப்பட்டவரிடம் பிசகு நடந்தது என்ற சங்கதியையே மறைப்பதற்கு இந்தச் சமாதானம் செல்லாது. உடம்பு அவருடையது. அதில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இல்லாத பாத்தியதை வேறு எவருக்கு உண்டு?

ஆகவே சுகாதார மந்திரியையும், சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் தலைவர்களையும் நாம் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. கதிர் வைத்தியம் நடக்கும் இடங்களில் உள்ள டாக்டர்கள், பௌதிகர்கள், யந்திரம் ஓட்டுகிறவர்கள், நர்சுகள் ஆகியோரில் சிலரையும், வைத்தியம் செய்துகொண்டு பிழைத்தவர்களில் சிலரையும் உட்கார வைத்து, சர்வதேசப் பட்டியலுக்குப் பொருத்தமாகத் தமிழில் பத்துப் பன்னிரண்டு சொற்களை முடிவு செய்யட்டும். அவற்றை நோயாளியின் சீட்டின் பின்புறத்திலும் காத்திருக்கும் கூடத்தின் சுவரிலும் எழுதட்டும்.

தோழர்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. வைத்தியத்துக்குப் போகும்போது தங்களுக்கு மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்த இடம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரைக் கூப்பிட்டால் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறைக்காதீர்கள். இன்னொன்று: இந்தப் பட்டியலைச் செய்ய உட்காருகிறவர்களுக்கு மக்கள் வழங்கும் சொற்கள் தேவைப்படும். பாலக்கோட்டுப் பக்கத்தில் கதிர் பட்டுத் தோல் கறுப்பதற்கு என்ன சொல்லுகிறார்கள், பாப்பிரெட்டிப்பட்டியில் வாய்ப்புண்ணுக்கு என்ன சொல்லுகிறார்கள், காரிமங்கலத்தில் "கரண்டு" என்பதற்கு வேறு பெயர் உண்டா என்பதையெல்லாம் ஒரு கார்டில் எழுதி நமது காரியாலயத்துக்கு அனுப்பினாலும் போதும்.